அப்ஜான் என்ற பெயர் ஒரு பக்கம், அதன் தொழிற்சாலை இன்னொரு பக்கம்

கேள்வி கேட்டவர் எழுதியது சுருக்கமாக இதுதான். அமெரிக்காவிலிருந்து வந்த உறவினரிடம் இருந்த மெட்ரால் என்ற ஸ்டீராய்டு மாத்திரைப் பெட்டியில் ‘பார்மசியா அண்ட் அப்ஜான்’ என்று அச்சிட்டிருந்தது. தேடிப் பார்த்ததில், அப்ஜான் என்பது மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற சின்ன ஊரில் ஒரு டாக்டர் ஆரம்பித்த கம்பெனி என்று தெரிந்தது. ஓரிடத்தில் அதை ஃபைசர் மருந்து கம்பெனி வாங்கிவிட்டது என்று போட்டிருக்கிறார்கள், இன்னோரிடத்தில் அதுதான் இன்றைய வியாட்ரிஸ் மருந்து கம்பெனி என்று போட்டிருக்கிறார்கள். எது சரி? அந்த ஊரில் இப்போது ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இரண்டும் சரிதான், அதனால்தான் குழப்பம். பெயர் ஒரு கம்பெனிக்குப் போனது, தொழிற்சாலை இன்னொரு கம்பெனியிடம் நின்றுவிட்டது. அது எப்படி நடந்தது என்று சொல்ல, மாத்திரை எப்படிச் செய்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நான் மாத்திரை உற்பத்தியிலும் தரப் பரிசோதனையிலும் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். பங்குச் சந்தைக் கணக்கெல்லாம் எனக்குப் பழக்கம் இல்லை, அதனால் கம்பெனிகள் கைமாறிய கதையை வேகமாகச் சொல்லிவிட்டுப் போவேன். மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

வில்லியம் எராஸ்டஸ் அப்ஜான் 1853-ல் கலமசூ பக்கத்தில் உள்ள ரிச்லண்டில் பிறந்தவர். 1875-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் வைத்தியம் பார்த்தார். அந்தக் காலத்து மாத்திரையை நினைத்துப் பாருங்கள். மருந்துப் பொடியோடு பிசின், பாகு சேர்த்து மாவு போலப் பிசைந்து, கயிறாகத் திரித்து, துண்டு துண்டாக வெட்டி, உருட்டி, மேலே சர்க்கரைப் பூச்சோ ஜெலட்டின் பூச்சோ கொடுப்பார்கள். புதிதாக இருக்கும்போது பரவாயில்லை. அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தால் காய்ந்து இறுகிவிடும். நோயாளி விழுங்குவார், அது கரையாமலே வெளியே போய்விடும். டாக்டர் அளவைக் கூட்டுவார், மறுபடியும் பலன் இருக்காது. மருந்தில் குறை இல்லை, உருண்டையில்தான் குறை.

அப்ஜான் வேறு வழி பிடித்தார். பிசையவே இல்லை. சிறு மணி போன்ற ஒரு கருவைச் சுழலும் பாத்திரத்தில் போட்டு, லேசாக ஈரம் தெளித்து, அதன்மேல் மருந்துப் பொடியைத் தூவித் தூவி, அடுக்கடுக்காக வளர்த்தெடுத்தார். சீரக மிட்டாய் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சீரகம் நடுவில், பாகு அடுக்கடுக்காக மேலே. கருத்து மிட்டாய்க்காரர்களுக்குப் பழையது, மருந்தை அப்படி வளர்த்ததுதான் புதுசு. பசை குறைவு என்பதால் கட்டை விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும். 1885-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடம், 1886-ல், சகோதரர்களுடன் சேர்ந்து கலமசூவில் ‘அப்ஜான் பில் அண்ட் கிரானியூல் கம்பெனி’யைத் தொடங்கினார். கட்டை விரல் ஒரு மாத்திரையை நசுக்கும் படம்தான் அவர்களுடைய அடையாளச் சின்னம்.

இங்கே ஒரு கதையையும் உண்மையையும் பிரித்துச் சொல்ல வேண்டும். டாக்டர்களுக்கு ஒரு பைன் மரப் பலகையை அனுப்பி, போட்டி கம்பெனி மாத்திரையைச் சுத்தியலால் அடித்தால் பலகைக்குள் ஆணி போல இறங்கும், எங்கள் மாத்திரையோ விரலுக்கே பொடியும் என்று காட்டினார்கள் என்பது பிரபலமான கதை. அப்படி விளம்பரம் செய்தார்கள் என்பதை நம்பலாம். ஆனால் அதை வைத்து எல்லாப் போட்டி மாத்திரையும் கல்லாக இருந்தது என்று முடிவு கட்டக் கூடாது. மிக மோசமாக இறுகிய ஒன்றை எடுத்துத்தானே விளம்பரக்காரர் காட்டுவார்? பழைய உருண்டைகளில் கணிசமானவை கரையாமல் போயின என்பது மட்டும் உறுதியாகச் சொல்லக்கூடியது.

அப்ஜான் தன் மாத்திரைக்கு ‘ஃபிரையபிள்’ என்று பெயர் வைத்தார், உடையக்கூடியது என்று அர்த்தம். அதே சொல் இன்று எங்கள் லேபில் ஒரு குறையைப் பிடிக்கும் பரிசோதனையின் பெயர். ஃபிரையபிலிட்டி டெஸ்ட்டில் மாத்திரைகளை எடை போட்டு, ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குள் போட்டு, நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 4 நிமிடம் சுற்ற விடுவோம். ஒவ்வொரு சுற்றிலும் மாத்திரை மேலே ஏறிப் பொத்தென்று விழும். 100 சுற்று முடிந்ததும் தூசி தட்டி மறுபடி எடை பார்ப்போம். பொதுவாக 1 சதவீதத்துக்கு மேல் உதிர்ந்திருந்தால் அது சரியில்லாத மாத்திரை. லாரியில் போகும்போது உடையக் கூடாது, வயிற்றில் போனதும் உடைய வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மாத்திரையில் கொண்டுவருவதுதான் எங்கள் தொழிலின் பாதி வேலை.

இறுகிப் போன மாத்திரை எப்படி இருக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு பேட்ச்சுக்கு ஸ்டார்ச் பசை கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது, அப்புறம் அழுத்தமும் கூடிவிட்டது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, ஓரம் ஒன்றுகூட உதிரவில்லை, உடைத்துப் பார்த்தவர்கள் பாராட்டவே செய்தார்கள். மாத்திரை உதிர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக் கருவியில் ஆறு கண்ணாடிக் குழாய்கள், 37 டிகிரி தண்ணீர், மேலும் கீழுமாக முங்கி எழும் கூடை. பூச்சில்லாத மாத்திரை 15 நிமிடத்தில் உதிர்ந்து அடி வலையைத் தாண்டிப் போய்விட வேண்டும். மணி அடித்ததும் கூடையைத் தூக்கினேன். நான்கு குழாய்களில் மாத்திரை போட்டபடியே இருந்தது, ஆற்றில் கிடக்கும் கூழாங்கல் மாதிரி, விளிம்பு மட்டும் லேசாக வழுவழுத்திருந்தது. அந்த பேட்ச்சை அழித்தோம். ஒரு டாக்டர் தன் நோயாளியிடம் பலிக்காத மருந்தைப் பார்த்து, குற்றம் மருந்தில் இல்லை, உருண்டையில் என்று கண்டுபிடித்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது.

சரி, கலமசூ ஏன்? 1884-ல்தான் அது நகரம் என்ற அந்தஸ்தைப் பெற்றது, அதுவரை சட்டப்படி கிராமம். செலரி சாகுபடி, காகித ஆலைகள், பின்னால் கிப்சன் கிடார் என்று பெயர் வாங்கிய ஊர். டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் நடுவில் ரயில் பாதையில் இருந்தது. பெட்டி பெட்டியாக மாத்திரை அனுப்ப ரயில் வேண்டும், சொந்த பந்தமும் தெரிந்த மனிதர்களும் பக்கத்தில் இருந்தால் நல்லது. இதற்கு மேல் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. அந்தக் காலத்தில் மருந்து கம்பெனி ஆரம்பிக்கப் பெருநகரம் தேவைப்படவில்லை.

1902-ல் பெயரை அப்ஜான் கம்பெனி என்று சுருக்கிக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் மாத்திரை வந்துவிட்டது. வேகம், மலிவு, அளவும் பிசகாது. தூவி வளர்க்கும் மாத்திரை அதோடு போட்டி போட முடியாது. நிறைய சின்ன கம்பெனிகள் இந்த இடத்தில்தான் மூடிவிட்டுப் போகும், ஏனென்றால் எந்தப் பொருளுக்காகப் பிறந்தார்களோ அதுவே பழசாகிவிட்டது. அப்ஜான் 1908-ல் ஃபீனோலாக்ஸ் என்ற மிட்டாய் போன்ற மலமிளக்கியைக் கொண்டுவந்து பிழைத்தது. அதில் இருந்த ஃபீனால்ஃப்தலீன் பாதுகாப்பானது அல்ல என்று அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் கழித்து, 1990-களில்தான் முடிவானது. 1940-ல் யூனிகாப் என்ற வைட்டமின் மாத்திரை வந்தது. வில்லியம் அப்ஜான் 1932-ல் இறந்தார். அதற்குமுன் 1925-ல் ஊருக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். பெருமந்தத்தில் வேலை இழந்தவர்கள் பயிர் செய்து பிழைக்கட்டும் என்று நிலம் வாங்க ஏற்பாடு செய்தார். அதன் தொடர்ச்சியாக 1945-ல் வந்த வேலைவாய்ப்பு ஆய்வு நிறுவனம் இன்றும் அதே ஊரில் அவர் பெயரில் இயங்குகிறது. நீங்கள் கேட்ட ‘மிச்சம்’ என்பதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியை உலகத்துக்குக் கொண்டுபோனது மாத்திரை அல்ல, ஒரு பூஞ்சை. 1949-ல் மேயோ கிளினிக்கின் ஃபிலிப் ஹென்ச், படுக்கையோடு கிடந்த மூட்டுவாத நோயாளிகள் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்ததும் எழுந்து நடந்ததை அறிவித்தார். அடுத்த வருடமே கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்து கிடைக்கவில்லை. மெர்க் கம்பெனி மாட்டின் பித்த அமிலத்திலிருந்து தொடங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி அதைச் செய்தது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நஷ்டமாகும் என்பதால் கடைசியில் கையில் நிற்பது துளிதான். அதில் மிகக் கடினமான வேலை, ஸ்டீராய்டு மூலக்கூறின் 11-ஆம் இடத்தில் ஓர் ஆக்சிஜனைக் கொண்டுபோய் வைப்பது. வேதியியல்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட இடம் அது.

1952-ல் கலமசூவில் ட்யூரி பீட்டர்சன், ஹெர்பர்ட் மரே என்ற இரண்டு அப்ஜான் ஆராய்ச்சியாளர்கள், ரைசோபஸ் என்ற பூஞ்சை அந்த வேலையை ஒரே படியில் செய்வதாக வெளியிட்டார்கள். பழைய ரொட்டியில் கறுப்பாகப் பூக்குமே, அந்த இனம். புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டை அதன் வளர்ப்புக் கரைசலில் கலந்தால், பூஞ்சை தானே 11-ஆம் இடத்தில் ஆக்சிஜனைச் சேர்த்துக் கொடுத்துவிடும். ஆய்வகத்தின் ஜன்னல் ஓரத்தில் வைத்த தட்டில் காற்றிலிருந்து வந்து விழுந்த பூஞ்சை அது என்று சொல்வதுண்டு. பூஞ்சை எங்கிருந்து வந்திருந்தாலும், ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்க்காமல் பொறுமையாகப் பலவற்றைச் சோதித்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புரோஜெஸ்டிரோன் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து வந்தது. சின்டெக்ஸ் கம்பெனியிடம் அப்ஜான் 10 டன் கேட்டது. அதுவரை இப்படிப்பட்ட பொருளைக் கிலோக் கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது நம்பவே முடியாத அளவு. 1957-ல் வந்த மெட்ரால், அதாவது மீதைல்பிரெட்னிசலோன், இந்த வழியில் பிறந்ததுதான். உங்கள் உறவினர் கையில் இருந்த பெட்டிக்கு நேர் மூதாதை அந்தப் பூஞ்சைத் தட்டு.

பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயம் இல்லை. பனால்பா என்று டெட்ராசைக்ளின், நோவோபயோசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளை ஒன்றாக அடைத்த ஒரு கூட்டு மருந்து அப்ஜானுக்கு நல்ல வருமானம் கொடுத்தது. மருந்து பலிக்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்ற 1962 அமெரிக்கச் சட்டத்துக்குப் பிறகு அந்நாட்டு தேசிய அறிவியல் கழகக் குழு பரிசீலித்ததில், டெட்ராசைக்ளின் மட்டும் கொடுப்பதைவிட இதில் கூடுதல் பலன் இல்லை, நோவோபயோசினின் பக்க விளைவுதான் கூடுதல் என்று தெரிந்தது. கம்பெனி திரும்பப் பெறாமல் நீதிமன்றம் போனது. 1970-ல் தோற்றது. ‘நிறைய டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்’ என்பது ஆதாரம் ஆகாது, முறையான ஆய்வு வேண்டும் என்று அமெரிக்காவில் நிலைபெற்றதில் இந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1991-ல் தூக்க மருந்து ஹால்சியனை பிரிட்டன் தடை செய்தது. மனநிலை, நினைவாற்றல் மீதான பாதிப்புகளோடு, பழைய ஆய்வொன்றின் அறிக்கையில் விவரங்கள் விடுபட்டிருந்ததும் வெளியானது. அமெரிக்கா அளவைக் குறைத்து, எச்சரிக்கை சேர்த்து விற்க விட்டது. அந்த மருந்து எவ்வளவு ஆபத்தானது என்பதில் இரண்டு நாட்டு அமைப்புகளுமே ஒத்துப்போகவில்லை, அதனால் நானும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. விவரம் விடுபட்டதை மட்டும் மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆய்வு அறிக்கையில் ஒரு வரி விட்டுப்போனால் அதன் விலையை நோயாளிதான் கொடுக்கிறார்.

இனி கைமாறிய கதை. வலிக்கு மோட்ரின், பதற்றத்துக்கு சானாக்ஸ், முடி உதிர்வுக்கு ரோகைன் என்று அப்ஜானுக்கு நல்ல காலம் ஓடியது. 1990-களின் தொடக்கத்தில் முக்கியக் காப்புரிமைகள் வரிசையாக முடிந்தன. 1995-ல் ஸ்வீடனின் பார்மசியாவுடன் இணைந்து ‘பார்மசியா அண்ட் அப்ஜான்’ ஆனது, தலைமை அலுவலகம் கலமசூவை விட்டுப் போனது. 2000-ல் மான்சான்டோவுடன் சேர்ந்து பெயரிலிருந்து அப்ஜானே காணாமல் போய் வெறும் பார்மசியா ஆனது. 2003-ல் ஃபைசர் அதை வாங்கியது. அதோடு கலமசூவில் ஆராய்ச்சி வேலைகள் சுருங்கின. வெளியூர் போக மனமில்லாத விஞ்ஞானிகள் சிலர் அங்கேயே சின்ன கம்பெனிகள் தொடங்கினார்கள். பக்கத்து ஊரான போர்ட்டேஜில் உள்ள பெரிய உற்பத்தி ஆலை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

2019-ல் ஃபைசர், காப்புரிமை முடிந்த லிப்பிட்டார், நார்வாஸ்க், வயாகரா போன்றவற்றைத் தனிப் பிரிவாகப் பிரித்தபோது, பரணில் கிடந்த அப்ஜான் பெயரைத் தூசி தட்டி அதற்கு வைத்தது. அந்தப் பிரிவின் தலைமையகம் ஷாங்காயில். கலமசூ பக்கத்து போர்ட்டேஜ் ஆலை அதில் சேரவில்லை. 2020 நவம்பர் 16-ல் அந்தப் பிரிவு மைலன் கம்பெனியோடு இணைந்து வியாட்ரிஸ் ஆனது. சானாக்ஸ் அவர்களோடு போனது, மெட்ரால் ஃபைசரிடம் தங்கியது. ஆக, வியாட்ரிஸுக்குள் போன அப்ஜானில் பெயரும் சில மருந்துகளும் இருந்தன, கலமசூ இல்லை.

மைலனும் ஒரு சின்ன ஊர்க் கதைதான் என்பதால் அதையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1961-ல் மேற்கு வர்ஜீனியாவின் வைட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், கைவிடப்பட்ட ஒரு ஸ்கேட்டிங் கூடத்தில் மிலன் புஸ்கர், டான் பனோஸ் என்ற இருவர் மருந்து விநியோகமாகத் தொடங்கினார்கள். சில வருடத்தில் மார்கன்டவுனுக்குப் போய்த் தயாரிப்பிலும் இறங்கினார்கள். 1984-ல் ஜெனரிக் மருந்துகளுக்கு, அதாவது காப்புரிமை முடிந்த மருந்தை மற்றக் கம்பெனிகள் செய்வதற்கு, வழி திறந்த சட்டம் வந்ததும் வேகமாக வளர்ந்தார்கள். தங்கள் விண்ணப்பங்கள் வேண்டுமென்றே தாமதிக்கப்படுகின்றன என்று சந்தேகப்பட்டு, தனியார் துப்பறிவாளர்களை வைத்து, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சிலர் போட்டிக் கம்பெனிகளிடம் லஞ்சம் வாங்கியதை வெளிக்கொண்டு வந்தவர்களும் இவர்களே. இத்தனைக்கும் பிறகு, 2018-ல் மார்கன்டவுன் ஆலைக்கு இயந்திரங்களைச் சுத்தம் செய்வது தொடர்பாக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இணைப்பு முடிந்த மறு மாதமே மூடும் அறிவிப்பு. 2021 ஜூலை 31-ல் ஆலை மூடியது, 1,400 பேருக்கும் மேல் வேலை இழந்தார்கள்.

அதே 2020 டிசம்பர் 13-ல் போர்ட்டேஜ் ஆலையின் வாசலில் என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்காவின் முதல் கோவிட் தடுப்பூசிப் பெட்டிகளை ஏற்றிய லாரிகள் அங்கிருந்துதான் கிளம்பின. ஒரே மாதத்தில் ஓர் ஊர் ஆலைக்கு மூடுவிழா அறிவிப்பு, இன்னோர் ஊர் ஆலை உலகச் செய்தி.

ஏன் இப்படி? இனி சொல்வது என் தொழில் அனுபவத்தில் வந்த கணிப்பு, ஆவணத்தில் உள்ளது அல்ல. மார்கன்டவுன் முக்கியமாக மாத்திரை, கேப்ஸ்யூல் ஆலை. ஃபார்முலாவும் இயந்திர அமைப்பும் கையில் இருந்தால் மாத்திரையை இன்னொரு நாட்டு ஆலைக்கு மாற்ற ஒன்றிரண்டு வருடம் போதும், நானே அப்படி இரண்டு மாற்றங்களில் இருந்திருக்கிறேன். போர்ட்டேஜில் இருப்பது ஊசி மருந்து நிரப்பும் ஸ்டெரைல் அறைகள், அப்ஜான் காலத்திலிருந்து தொடரும் ஸ்டீராய்டு மூலப்பொருள் வேலை. ஒரு ஸ்டெரைல் லைனை வேறு ஊரில் நிறுவி, அந்த அறையில் கிருமி இல்லை என்று மறுபடி மறுபடி நிரூபித்து, அனுமதி வாங்குவது வேறு கதை. உடையை மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் எப்படி மெதுவாக நடக்க வேண்டும், கையை எங்கே வைக்கக் கூடாது என்பதெல்லாம் ஆட்கள் வருடக்கணக்கில் பழகியது. அது பத்திரத்தில் எழுதிக் கைமாறாது. வரிச் சலுகை, சம்பளம், கடன் என்று மற்றக் காரணங்களும் இருந்திருக்கும், அவற்றை எடைபோடும் ஆள் நான் இல்லை.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். அதில் ‘பார்மசியா அண்ட் அப்ஜான், ஃபைசரின் ஒரு பிரிவு’ என்ற மாதிரி இருக்கும். அது சட்டப்படி மருந்தை விநியோகிப்பவரின் பெயர், அந்தப் பெயரில் தனியாக ஒரு கம்பெனி இப்போது ஓடவில்லை. எங்கே தயாரானது என்று தெரிய வேண்டுமானால் விநியோகிப்பவர் வரியை விட்டுவிட்டு, ‘தயாரிப்பு’ அல்லது எந்த நாட்டுப் பொருள் என்று சொல்லும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். மெட்ரால் ஸ்டீராய்டு என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: சில வாரம் தொடர்ந்து எடுத்தவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிற அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உங்கள் உறவினரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.